பால் கொடுக்கிறவளின் தலைவலி

போன வாரம் மேகலா போன் செய்தாள். திருவொற்றியூர்ப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவள் அவள்தான். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் பார்த்துவிட்டு வரும் நர்ஸ் வேலை.

"அக்கா, இப்ப எங்களுக்குப் பட்டனை அமுக்கினா தானே பிரஷர் பாக்கற மிஷின் குடுத்துட்டாங்க. காதுல மாட்டி கேக்கற வேலையே இல்ல. ஆனா புதுசா வந்த பொண்ணுங்களுக்கு நீங்க ஏதாவது எழுதிக் குடுங்க. பிள்ளை பெத்தவங்களுக்கு வர்ற தலைவலி, பிரஷர், அதைப் பத்தி."

"மிஷின் வந்துடுச்சு இல்ல, அப்புறம் நான் எதுக்கு?" என்றேன்.

"மிஷின் நம்பரைச் சொல்லுதுக்கா. நம்பரைப் பார்த்து வூட்ல யாரும் பயப்பட மாட்டேங்கறாங்களே."

அதுவும் சரிதான். நம்பரைப் பார்த்து யார் பயந்தார்கள்? கரன்ட் பில்லைப் பார்த்தால்தான் பயப்படுகிறார்கள். சரி, எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் முழங்கால் வலிக்கிறது. எழுந்தாலும் வலிக்கிறது. ஹவுசிங் போர்டு மாடிப்படிகளும் கடலோரத்து மணலும் சேர்ந்து செய்த வேலை அது. பென்ஷனோடு கூடவே இதையும் கொடுத்து அனுப்பினார்கள்.

ராயபுரத்தில் பிறந்தேன், அங்கேயே படித்தேன், பயிற்சி முடித்து வெள்ளைப் புடவை கட்டினேன். முதலில் வியாசர்பாடிப் பக்கம் வேலை, பிறகு கடைசிவரை திருவொற்றியூர். பயிற்சியில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால் இப்போது பாதி ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பதெல்லாம் டாக்டர் தமயந்தி சொல்லிக் கொடுத்தது. வியாசர்பாடியில் அவரிடம்தான் வேலை பழகினேன். பிறகு நான் திருவொற்றியூருக்கு மாறி, தப்பித்தோம் என்று மூச்சு விட்ட சில வருடங்களில் அவரும் அங்கேயே மாற்றலாகி வந்து சேர்ந்தார்.

தப்பித்தோம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அவர் அப்படி. திட்ட மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். நாம் ஏதாவது அரைகுறையாகச் செய்தால் கையிலிருக்கும் பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டு நம்மையே பார்ப்பார். நாமாகவே போய் அதைத் திரும்பச் செய்துவிட்டு வரும்வரை பேனாவைத் திறக்க மாட்டார். வெளியே முழுக்கூட்டம் காத்துக்கொண்டிருக்கும். அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. அவரைப் பாராட்டுக்குப் பெயர் போனவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பிரஷர் பார்ப்பது அவருக்கு ஒரு பூஜை. வந்தவளை உடனே கையில் பட்டை கட்டிப் பார்க்க விடமாட்டார். முதலில் பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்வார். பிறகு முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்கார வேண்டும், பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும். பிள்ளை மடியில் இருக்கக் கூடாது. பால் குடித்துக்கொண்டிருந்தால் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பார். பிறகு கூட வந்தவரிடம் பிள்ளையைக் கொடுத்துவிட வேண்டும். ரவிக்கைக் கையின் மேலேயோ நைட்டியின் மேலேயோ பட்டையைச் சுற்றினால் பேனா மூடிக்கொள்ளும். வெறும் கையில் கட்டி, அந்தக் கையை மேஜைமேல் நெஞ்சளவுக்கு வைத்து, அதன் பிறகு ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. மாமியார் பேசக் கூடாது, நான் பேசக் கூடாது, ஆயாவின் துடைப்பம்கூட நின்றுவிடும். டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். சாமி கும்பிடுகிறார் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கேட்டேவிட்டேன். "எதிர்ல பார்த்தா அவங்க பேச ஆரம்பிச்சிடுவாங்க, அதான்" என்றார். ஒரு முறை பார்த்ததை வைத்து முடிவு செய்யவும் மாட்டார், சற்றுப் பொறுத்து இன்னொரு முறை பார்ப்பார்.

பிள்ளை பெற்றவள் தலை வலிக்கிறது என்று சொன்னால் மூன்று கேள்வி கேட்பார். "படுத்தா குறையுதா? கண்ணு மங்குதா, முன்னாடி ஏதாவது மின்னுதா? நெஞ்சுக்குழிக்குக் கீழ வலிக்குதா?" முதல் கேள்வி எதற்கென்று எனக்கு ஆரம்பத்தில் புரியவில்லை. முதுகில் ஊசி போட்டு ஆபரேஷனில் பிள்ளை எடுத்தவர்களில் சிலருக்கு உட்கார்ந்தால் தலை பிளக்கும், படுத்தால் விட்டுப்போகும். நம் ஊரிலோ எல்லாத் தலைவலியையும் அந்த முதுகு ஊசியின் கணக்கில் எழுதிவிடுவார்கள். படுத்தாலும் விடாத வலியை அப்படி விட்டுவிடக் கூடாது. எந்த வலியாக இருந்தாலும் முதலில் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றப் பேச்சு.

எல்லாரும் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். பிள்ளை பிறந்தால் பிரஷரும் கூடவே போய்விடும் என்று நினைப்பு. அப்படி இல்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஒழுங்காக இருந்தவளுக்கே பெற்ற பிறகு ஏறுவதுண்டு. வீட்டுக்கு வந்த முதல் வாரம்தான் எனக்கு எப்போதும் பயம். ஒன்றரை மாதம் போகும்வரை முழுசாக நிம்மதி கிடையாது.

வியாசர்பாடியில் இருந்தபோது எம்.கே.பி. நகரில் ரேவதி என்று ஒரு பெண். துணி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை, பிரசவ லீவில் இருந்தாள். மூன்றாவது மாடி, சொல்ல வேண்டுமா! தலைவலி, தலையில் நீர் கோத்துக்கொண்டது என்று அவள் அம்மா நெற்றியில் பற்றுப் போட்டிருந்தார். புருஷன் மெடிக்கல் ஷாப்பில் சளி மாத்திரை வாங்கிவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். வலி போகவில்லை, அதோடு பாலும் குறைந்துகொண்டே வந்தது. நான் கையைப் பிடித்து நிலையத்துக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் பூஜையை முடித்துவிட்டு, "மூக்கு ஒழுகுதா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர்."

"அப்ப சளி மாத்திரை எதுக்கு?"

"தலையில நீர் கோத்தா அதைத்தான் குடுப்பாங்க" என்றார் புருஷன்.

"மூக்கைக் காய வைக்கிற மாத்திரை மூக்கோட நிக்குமா? பிரஷரையும் ஏத்தும், பாலையும் குறைக்கும். தலை வலிச்சா பாராசிட்டமால் போதும். ஆனா வலிக்குதுன்னா கடைக்குப் போகக் கூடாது, இங்க வரணும்."

பிரஷருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ரேவதி அதைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். இதைப் போட்டால் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டுமா என்று கேட்டாள். டாக்டர் வேண்டாம் என்றார். "பால் குடுக்கறவங்களுக்குன்னு பார்த்துத்தான் எழுதறேன். பால்ல போறது கொஞ்சமே கொஞ்சம். நீ பாட்டுக்குக் குடு. குழந்தை வழக்கத்துக்கு மீறித் தூங்கினாலோ, குடிக்க மாட்டேன்னாலோ தூக்கிட்டு வா. மாத்திரையை நீயா நிறுத்தாத." கதவுவரை போனவளைக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். நாங்களெல்லாம் வருகிறவர்களிடம் பயப்படாதே, பயப்படாதே என்று சொல்லிப் பழகியவர்கள். அவர் சொன்னது, "கொஞ்சம் பயப்படு. நிறைய வேணாம்."

அந்தக் கொஞ்சத்தை எப்படி அளந்து கொடுப்பது என்று எனக்குக் கடைசிவரை வரவில்லை. சிலருக்கு அதிகமாகிவிடும், சிலருக்கு ஏறவே ஏறாது. திருவொற்றியூரில் சுகந்தி என்று ஒருத்தி, அவளுக்குப் பயம் நிறையவே இருந்தது, ஆனால் அது வேறொன்றைப் பற்றிய பயம்.

சுகந்தியின் வீடு எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருந்த குப்பத்தில். முன்பக்கம் ஹார்பருக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை, பின்பக்கம் அலைக்குப் போட்ட கருங்கல். புருஷன் சேகர் மீன்பிடி லாஞ்சில் தங்கலுக்குப் போகிறவன், போனால் வாரக்கணக்கில் கடலில். வீட்டை நடத்துவது மாமியார் கன்னியம்மா. மீன் விற்கும் பொம்பளை, குரல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும். சுகந்திக்கு அது இரண்டாவது பிரசவம். முதல் பிரசவத்திலும் கடைசி மாதத்தில் பிரஷர் ஏறியிருந்தது, இதிலும் ஏறியது. அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று, மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். பையன்.

நான் முதலில் போனபோது அறைக்குள் நுழைய முடியவில்லை. ஜன்னலைத் துணி போட்டு அடைத்திருந்தார்கள், ஃபேன் கிடையாது, சாம்பிராணிப் புகை கண்ணை எரித்தது. சுகந்தி காதில் பஞ்சு வைத்து, தலையைத் துண்டால் இறுக்கிக் கட்டிப் பாயில் படுத்திருந்தாள். பக்கத்தில் பிள்ளை. மதியச் சாப்பாட்டுத் தட்டில் கருவாட்டுக் குழம்பு வாசனை.

"இன்னா அக்கா, தண்ணி குடுக்கறியா இல்லியா இந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்டேன்.

"பச்ச ஒடம்பு சிஸ்டர். தண்ணி ரொம்ப குடுத்தா சீதளம் புட்சிக்கும். ஜன்னி கண்டுச்சுன்னா நீயா பாப்ப?"

எங்கள் பக்கத்தில் ஜன்னி என்றால் எல்லாருக்கும் நடுக்கம். கை கால் வெட்டி வெட்டி இழுத்துப் போய்ச் சேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறார்கள். குளிரால் வருகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. பிள்ளை பெற்றவளுக்கு வருகிற அந்த ஜன்னியைப் பெரும்பாலும் கொண்டுவருவது பிரஷர்தான். வருகிற வழியை விட்டுவிட்டு வராத வழியில் புகை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதையே சொன்னேன். பால் சுறா புட்டு செய்து போடு, வேண்டாமென்று சொல்லவில்லை, பால் ஊறட்டும்; ஆனால் கருவாட்டை நிறுத்து, உப்பைக் குறை, கேட்கும்போதெல்லாம் தண்ணீர் கொடு என்றேன்.

"மாத்திர?"

"அதெல்லாம் டான்னு நானே என் கையால குடுக்கறேன். வேணும்னா அட்டையப் பாரு."

அட்டையில் மாத்திரைகள் கணக்காகத் தீர்ந்திருந்தன. கன்னியம்மா பொய் சொல்கிறவள் இல்லை. பிரஷர் பார்த்தேன், கொஞ்சம் கூடுதல்தான். தலைவலி உண்டா என்று கேட்டதற்குச் சுகந்தி இல்லை என்றாள். தலையில் துண்டு எதற்கு என்றால், அத்தை கட்டினாங்க என்றாள்.

அப்போது பெரிய பெண் பவி உள்ளே ஓடிவந்தது. நான்கு வயதிருக்கும். நேராகக் கன்னியம்மாவின் மடியில் விழுந்து, "எம்மா, பசிக்குது" என்றது. பிறகு பாய்ப் பக்கம் திரும்பி, "ஏ சுகந்தி, பாப்பாவக் குடு, நான் வெச்சிக்கிறேன்" என்றது. நான் சிரித்துவிட்டேன். கன்னியம்மாவும் சிரித்தாள். சுகந்தி பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துச் சேலையால் மூடிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கதவைத் திறந்ததும் வெளிச்சம் பட்டுக் கண்ணை மூடினாள். கன்னியம்மா மீன் கூடையோடு கிளம்பிக்கொண்டிருந்தாள், பவியும் பின்னாலேயே போனது. பிள்ளை பால் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, அதைத் தூளியில் போட்டு, சுகந்தியைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, ஜன்னலை அடைத்திருந்ததால் நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பட்டையைக் கட்டினேன். பார்த்ததை நம்பாமல் பொறுத்திருந்து மறுபடி பார்த்தேன். இரண்டு தடவையும் அதே உயரம். முதல் தடவை வந்தபோது பார்த்ததைவிட எங்கேயோ ஏறியிருந்தது.

"படுத்தா குறையுதா?" என்றேன்.

தலைத் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"கண்ணு முன்னாடி மின்னுதா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். நீ போ."

எழுந்து கன்னியம்மாவைக் கூப்பிடப் போனேன். அவசரத்தில் பாயோரம் இருந்த டப்பாவில் கால் பட்டுக் கவிழ்ந்தது. வெற்றிலை துப்புகிற டப்பா. பிள்ளை பெற்றவளுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை கொடுப்பது அங்கே வழக்கம், வயிற்றில் வாயு சேரக் கூடாதென்று. சிவப்பு எச்சில் தரையில் ஓடியது. அதற்குள்ளே பாதி கரைந்த மாத்திரைகள், இரண்டு மூன்று.

கன்னியம்மா கையால்தான் கொடுத்திருக்கிறாள். சீதளத்துக்குப் பயந்து ஒரே ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். இவள் மாத்திரையைக் கன்னத்தில் அடக்கி, அடுத்ததாக வந்த வெற்றிலையை மென்று, இரண்டையும் சேர்த்துத் துப்பியிருக்கிறாள். எனக்கு ஆத்திரம் என்றால் அப்படி ஓர் ஆத்திரம். கை நீட்டி அடித்துவிடுவேனோ என்று பயந்தேன்.

"சாவப் போறியாடி? ரெண்டு பிள்ளைய வெச்சிக்கினு இன்னாடி இது?"

"ஒரு பிள்ளதான் சிஸ்டர் எனக்கு" என்றாள்.

அப்புறம் அழுதுகொண்டே சொன்னாள். பவி பிறந்தபோது பிரஷர் ஏறி, அவளைப் பெரிய வார்டில் தனியாகப் போட்டுவிட்டார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது. புட்டிப் பாலில் வளர்ந்தது, கன்னியம்மா நெஞ்சில் தூங்கியது. சுகந்தி திரும்பி வந்தபோது மார் காய்ந்திருந்தது. பிள்ளை இவளிடம் வந்தால் வீறிட்டது. "இன்னி வரைக்கும் அது என்கிட்ட படுத்ததில்ல சிஸ்டர். என் பேர் சொல்லித்தான் கூப்டுது. மாத்திர பால்ல போயி, பையனுக்கு ஆவாம பூட்டா, திருப்பி புட்டி குடுப்பாங்க. தல வலிக்குதுன்னு சொன்னா என்னத் தூக்கினு போயி தனியா போட்டுடுவீங்க. இவனும் அத்தகிட்ட பூடுவான்."

அவள் பயந்தது நடக்காத விஷயம் இல்லை, ஒரு தடவை நடந்ததுதான். மாத்திரை பாலில் கொஞ்சமே போகும், பிள்ளையை ஒன்றும் செய்யாது என்று சொன்னேன். தலை ஆட்டினாள். கண்ணைத் திறக்க முடியாமல்தான் ஆட்டினாள்.

டாக்டருக்குப் போன் செய்தேன். நம்பரைச் சொன்னேன், மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். பவி விஷயத்தையும் சொன்னேன்.

"உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. பிள்ளையோட."

"பெரியவங்க வார்டுல குழந்தைய விட மாட்டாங்களே டாக்டர்."

"பிள்ளையைப் பிரிச்சா அவ வரமாட்டா. வந்தாலும் அங்கயும் துப்புவா. பிள்ளையோட கூட்டிட்டுப் போ. நான் பேசிக்கறேன்."

கன்னியம்மாவை ரோட்டிலிருந்து ஓடிப்போய் இழுத்துவந்தேன். பவியைப் பக்கத்து வீட்டில் விட்டோம். ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம், லாரி வரிசையில் மாட்டி எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. இருப்பதில் எது முதலில் கிடைக்கிறதோ அதில் போவோம் என்று தெரிந்த ஆட்டோவில் ஏறினோம். நடுவில் சுகந்தி, மடியில் பிள்ளை, இரண்டு பக்கமும் நாங்கள். கொஞ்ச தூரத்திலேயே ஆட்டோவும் நின்றது. வலப்பக்கம் கண்டெய்னர், இடப்பக்கம் கண்டெய்னர். டிரைவர் ஹாரனை அடித்து அடித்து ஓய்ந்துபோனான். சுகந்தி தலையைப் பிடித்துக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தாள். பிள்ளை வாய் மட்டும் பாலை விடவில்லை.

"மாத்திரய ஏன் துப்புனா? நான் இன்னா வெஷமா குடுத்தேன்?" என்று கன்னியம்மா கேட்டாள்.

மறைக்கிற நிலையில் நான் இல்லை. "இந்தப் பிள்ளையும் உன்கிட்ட வந்துடும்னு பயந்துகினு துப்பியிருக்கா அக்கா. பவி மாதிரி."

கன்னியம்மா ரோட்டைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய குரல் அப்படிச் சின்னதாகி நான் கேட்டதில்லை.

"நான் இன்னா பண்ணேன் சிஸ்டர்? இவ ஆஸ்பத்திரில கெடந்தா. கொயந்த அயுதுச்சு. பசிக்கு அயுவற கொயந்தைக்குப் பால் குடுத்தேன். அது தப்பா?"

தப்பு என்று யாரால் சொல்ல முடியும்? நான் சொல்லவில்லை. சுகந்தியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். டிரைவர் இறங்கிப்போய் ஒரு லாரிக்காரரிடம் கெஞ்சி, அவர் வண்டியைக் கொஞ்சம் ஒதுக்க, கிடைத்த சந்தில் ஆட்டோ நுழைந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. ஏற்றிப் படுக்க வைக்கும்போது சுகந்தியின் கண் மேலே செருகியது. பிள்ளையை வாங்கு என்று நான் கத்துவதற்குள் கன்னியம்மா வாங்கிவிட்டாள். வெட்டி வெட்டி இழுத்தது. ஜன்னி, ஜன்னி என்று கன்னியம்மா அலறினாள். மூச்சு அடைத்துக்கொள்ளாமல் ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு நாங்கள் உள்ளே ஓடினோம். ஊசி ஏறியது, டிரிப் ஏறியது. இழுப்பு நின்றது. அவள் அடித்துப் போட்ட மாதிரி மயக்கத்தில் கிடந்தாள். இந்த வேலையில் எத்தனையோ பார்த்துவிட்டேன், மரத்துப் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

பிள்ளைக்குப் பசி வந்தது. வாசலில் நின்ற ஆயா, பக்கத்துக் கடையில் பால் பவுடர் டப்பா கிடைக்கும், புட்டியும் கிடைக்கும், வாங்கி வாங்க என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். கன்னியம்மா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நின்றாள். அது அழுது அழுது முகம் சிவந்தது. எனக்கே புட்டி வாங்கிவிடலாமா என்று இருந்தது.

"புட்டி வாணாம்" என்றாள் கன்னியம்மா. "அவ கண்ணத் தொறந்து கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

அந்த நேரத்தில் டாக்டர் தமயந்தி வந்து சேர்ந்தார். போனில் பேசிக்கொள்கிறேன் என்றவர் நேரிலேயே வந்துவிட்டார். வார்டு வாசலில் பிள்ளையை விட மறுத்தார்கள். அங்கேதான் முதலும் கடைசியுமாக அவர் குரல் உயர்ந்ததைக் கேட்டேன். "அந்தப் பொண்ணு இந்தப் பிள்ளைக்காகத்தான் சாகத் துணிஞ்சிருக்கா. இதைப் பிரிச்சு வெச்சுட்டு அவளுக்கு என்ன வைத்தியம் பார்ப்பீங்க?" வார்டு டாக்டர் சின்ன வயசுப் பிள்ளை. பிறகு இருவரும் தள்ளிப்போய்ப் பொறுமையாகப் பேசினார்கள். இன்னும் மயக்கம் தெளியாதவளிடம் பிள்ளையைப் போட முடியாது, பாலைப் பீய்ச்சி எடுத்துக் கொடுக்கலாம், தெளிந்த பிறகு கூடவே ஒருவர் பிடித்துக்கொண்டு ஊட்டலாம் என்று முடிவானது.

பீய்ச்சியது கன்னியம்மா. நான் கையைப் பிடித்து ஒரு தடவை காட்டினேன், அதற்கு மேல் காட்ட வேண்டியிருக்கவில்லை. வெந்நீரில் நனைத்த துணியால் மருமகளின் மார்பைத் துடைத்து, விரல்களால் மெல்ல அழுத்தி, பாலாடையில் பாலை எடுத்தாள். மூக்கு வைத்த அந்தச் சின்னக் கிண்ணத்தால் பிள்ளையின் கடைவாயில் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். மீன் செதில் ஒட்டி ஒட்டிக் காய்ப்பேறிய கை. பசி வரும்போதெல்லாம் உள்ளே வந்தாள், எடுத்தாள், ஊட்டினாள், வெளியே போய் உட்கார்ந்தாள். மார் கட்டாமலும் காயாமலும் பார்த்துக்கொண்டது அவள்தான்.

மறுநாள் மதியம் சுகந்திக்குத் தெளிவு வந்தது. உதடு காய்ந்திருந்தது, நாக்கு வீங்கியிருந்தது. கன்னியம்மாவின் கையில் பிள்ளையைப் பார்த்ததும் முகம் கோணியது.

"புட்டி குடுத்துட்டீங்களா அத்த?"

"இல்லடி. எல்லாம் உன் பாலு. சிஸ்டர வேணா கேளு."

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்றேன். கன்னியம்மா பிள்ளையை அவள் பக்கத்தில் படுக்க வைத்து, தலையைப் பிடித்து மார்பில் சேர்த்தாள். அது பிடித்துக்கொண்டது. சேர்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள். அந்த இரண்டடிக்கு அவள் என்ன பாடுபட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு நர்ஸ் மாத்திரை கொண்டுவந்தபோது சுகந்தி ஒரு டம்ளர் தண்ணீர் முழுதும் குடித்து விழுங்கினாள். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கி மாமியாரிடம் காட்டினாள். கன்னியம்மா எட்டிப்பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

டாக்டர் தமயந்தி அன்றைக்காவது இரண்டு நல்ல வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். "கருவாட்டைப் பத்தி அந்தம்மாகிட்ட மறுபடி சொன்னியா?" என்று கேட்டார். சொன்னேன் என்றேன். போய்விட்டார். நானும் அடுத்த வீட்டைப் பார்க்கப் போனேன். அடுத்த தெருவிலும் ஒருத்தி தலையில் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த வருடமும் இருந்தார்கள். நான் ஓய்வு பெற்ற வருடமும் இருந்தார்கள். இதை எழுதும்போதும் எங்கேயோ ஒரு வீட்டில் ஜன்னலை அடைத்துக்கொண்டிருப்பார்கள். மேகலா, புதிதாக வந்த பெண்களிடம் சொல். மாத்திரை போட்டாயா என்று மாமியாரைக் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். பெற்றவளைத் தனியாக உட்கார வைத்து, உனக்கு என்ன பயம் என்று கேட்க வேண்டும். எனக்கு இதுதான் தெரியும், இதற்கே என் முழங்கால் போய்விட்டது.

சுகந்தி வீட்டுக்குத் திரும்பிச் சில மாதங்கள் கழித்து ஒரு புதன்கிழமை. தடுப்பூசி போடும் நாள், நிலையம் முழுதும் அழுகைச் சத்தம். சுகந்தி பையனோடு வந்திருந்தாள், கூடவே பவி. பிரஷர் இறங்கி, மாத்திரையை டாக்டர் குறைத்திருந்தார். பால் இன்னும் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆயா பிடித்துக்கொள்ள, ஊசி போட்டதும் பையன் கத்த, வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்த சுகந்தியைப் பார்த்துப் பவி கூவியது.

"ஏ சுகந்தி! பாப்பா அயுவுது, வா!"

எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண் பட்ட பாட்டுக்கு இதுவாவது மாறியிருக்கக் கூடாதா? பவியின் காதைப் பிடித்து, "அம்மான்னு கூப்புடுடி" என்றேன்.

சுகந்தி வந்து பையனைத் தூக்கி மார்பில் போட்டுக்கொண்டாள். பவியின் காதிலிருந்து என் கையை எடுத்துவிட்டாள்.

"வுடு சிஸ்டர். அத்தயும் சொல்லித்தான் பாக்குறாங்க. பேர் சொல்லியே கூப்ட்டுட்டுப் போட்டும். அது கூப்டும்போது திரும்பிப் பாக்க நான் உசுரோட கீறேன் இல்ல."